சிங்கப்பூருக்கு 4 மணி நேரம். மீனம்பாக்கத்துக்கு 7 மணி நேரம்!

கல்வராயன்மலையில் இருந்து விமானம் ஏறுகிறவர்கள் போட வேண்டிய கணக்கு

கள்ளக்குறிச்சி,-

சென்னை மீனம்பாக்கத்தில் விமானம் ஏறினால் நாலே கால் மணி நேரத்தில் சிங்கப்பூர். ஆனால் அந்த மீனம்பாக்கத்துக்கு வந்து சேர, கல்வராயன்மலையில் உள்ள வெள்ளிமலையில் இருந்து பஸ்சில் புறப்படுகிறவருக்கு ஏறத்தாழ 7 மணி நேரம் ஆகிறது!

வானத்தில் கடக்கும் தூரம் சுமார் 2 ஆயிரத்து 900 கிலோ மீட்டர். தரையில் கடக்கும் தூரம் 300 கிலோ மீட்டர்கூட இல்லை. தூரம் பத்து மடங்கு. நேரமோ பாதிக்குச் சற்று அதிகம்தான்.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகனுக்கு "உடனே புறப்பட்டு வா" என்று போன் போடும் குடும்பங்களுக்கு இது வெறும் பூகோளப் பாடம் அல்ல. மகன் வந்து அப்பாவின் முகத்தைப் பார்ப்பானா, மாட்டானா என்பதே இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

இது பற்றிய விவரம் வருமாறு:-

கூப்பிடு தூரம்

கல்வராயன்மலை, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. சேர்வராயன், பச்சைமலை, ஜவ்வாதுமலை ஆகியவற்றின் அண்டை மலை. கள்ளக்குறிச்சி, சேலம், தர்மபுரி, திருவண்ணாமலை என்று சுற்றிலும் உள்ள மாவட்டங்களில் இது பரவிக் கிடக்கிறது.

கடல் மட்டத்தில் இருந்து 2 ஆயிரம், 3 ஆயிரம் அடி உயரம். சாமை, தினை, மரவள்ளி, கடுக்காய், தேன் என்று மலைச்சரக்கு எல்லாம் இங்கிருந்துதான் கீழே இறங்குகிறது. மலையாளி என்ற பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். பெயரைப் பார்த்து கேரளாவோ என்று நினைக்க வேண்டாம். மலையை ஆளுகிறவர்கள் என்று பொருள். பேசுவது தமிழ்தான்.

இந்த மலை நெடுங்காலம் மூன்று ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. 1976-ம் ஆண்டில்தான் அரசின் நேர் நிர்வாகத்துக்கு வந்தது. நாடு சுதந்திரம் அடைந்து 29 ஆண்டுகள் கழித்து! ரோடும் பஸ்சும் தாமதமாக வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

மலைக்காரர்கள் தூரத்தை கிலோ மீட்டரில் சொல்வது இல்லை. "அந்தா தெரியுதே, கூப்பிடு தூரம்தான்" என்பார்கள். இங்கே நின்று கூப்பிட்டால் எதிர் மேட்டில் இருப்பவருக்குக் காதில் விழும். ஆனால் பள்ளத்தில் இறங்கி, ஓடையைத் தாண்டி, மறுபடி ஏறிப் போய்ச் சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும்!

கூப்பிடு தூரம் வேறு. நடக்கும் நேரம் வேறு. விமானப் பயணத்திலும் இதே கதைதான்.

தூரம் எப்படி அளக்கிறார்கள்?

இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று எப்படிச் சொல்கிறார்கள்? பஸ் ரூட்டைப் போல மைல் கல் எதுவும் வானத்தில் நட்டு வைக்கவில்லையே!

ஒரு பூசணிக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எட்ட எட்ட இரண்டு புள்ளி வையுங்கள். ஒரு நூலை ஒரு புள்ளியில் பிடித்து, இன்னொரு புள்ளி வரை விறைப்பாக இழுத்துப் பிடியுங்கள். அந்த நூல் எந்த வழியாகப் போகிறதோ, அதுதான் மிகக் குறுகிய வழி. பூமியும் உருண்டை. ஆகவே விமானப் பாதையின் தூரத்தையும் இப்படித்தான் கணக்கிடுகிறார்கள்.

சுவரில் தொங்கும் உலகப் படத்தை வைத்து அளந்தால் தப்பாகப் போய்விடும். உருண்டையைத் தட்டையாக விரித்ததால் படத்தில் நேர்கோடாகத் தெரிவது உண்மையில் சுற்று வழியாக இருக்கும்.

இதற்கு நல்ல உதாரணம், 2021-ம் ஆண்டு ஜனவரியில் நடந்த ஏர் இந்தியா பயணம். அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் இருந்து பெங்களூருக்கு நேராக வந்த முதல் விமானம் அது. விமானிகள் அனைவரும் பெண்கள். தலைமை விமானி சோயா அகர்வால்.

படத்தைப் பார்த்தால் அமெரிக்காவில் இருந்து பெங்களூருக்கு, பசிபிக் கடலைத் தாண்டி, ஜப்பான், சீனா வழியாக வரவேண்டும் என்று தோன்றும். ஆனால் அந்த விமானம் வடக்கே போய், வட துருவத்தின் மேல் பறந்து இறங்கியது! பூசணிக்காயில் நூல் போகும் வழி அதுதான். இரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள தூரம் சுமார் 14 ஆயிரம் கிலோ மீட்டர். பயண நேரம் ஏறத்தாழ 17 மணி.

அதைவிட நீளமானது சிங்கப்பூர் - நியூயார்க் பயணம். கென்னடி விமான நிலையத்துக்கு 2020 நவம்பரில் தொடங்கப்பட்டபோது, உலகிலேயே மிக நீண்ட பயணிகள் விமானப் பாதை அதுதான். 15 ஆயிரத்து 300 கிலோ மீட்டருக்கு மேல். 18 மணி நேரத்துக்கு மேல் ஆகாயத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இரண்டு வகை மைல்

தூரத்தைப் படிக்கும்போது இன்னொரு குழப்பம் உண்டு. அதுதான் மைல்.

பெரியவர்கள் சொல்லும் சாதாரண மைல், ஒரு கிலோ மீட்டர் 609 மீட்டர். விமானிகளும் கப்பல்காரர்களும் சொல்லும் மைல் வேறு. அது ஒரு கிலோ மீட்டர் 852 மீட்டர். அதற்கு நாட்டிக்கல் மைல் என்று பெயர்.

சென்னை - சிங்கப்பூர் தூரம் கிலோ மீட்டரில் சுமார் 2 ஆயிரத்து 920. சாதாரண மைலில் சுமார் ஆயிரத்து 815. நாட்டிக்கல் மைலில் சுமார் ஆயிரத்து 580. மூன்றும் ஒரே தூரம்தான். ஒருவர் ஆயிரத்து 580 என்கிறார், இன்னொருவர் 2 ஆயிரத்து 920 என்கிறார் என்று சண்டைக்குப் போகவேண்டிய அவசியம் இல்லை.

நடுவில் சென்னை

கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம் பக்கத்தில் இருந்து பிழைப்புக்காக வெளிநாடு போகிறவர்களுக்கு முக்கியமாக இரண்டு திசைகள். கிழக்கே சிங்கப்பூர், மலேசியா. மேற்கே துபாய் முதலான வளைகுடா நாடுகள்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். சென்னையில் இருந்து சிங்கப்பூருக்கு எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அதே தூரம்தான் துபாய்க்கும்! இரண்டுமே 2 ஆயிரத்து 900 கிலோ மீட்டரைத் தாண்டிய தூரம். தராசின் நடுமுள்ளைப் போல சென்னை நடுவில் நிற்கிறது.

இன்னொரு வேடிக்கை. திருச்சி தெற்கே இருப்பதால் சிங்கப்பூருக்கு அதுதான் கிட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் சென்னைதான் கொஞ்சம் கிட்டம். திருச்சி - சிங்கப்பூர் தூரம் 3 ஆயிரம் கிலோ மீட்டரை ஒட்டி வருகிறது. சென்னை, திருச்சியைவிடக் கிழக்கே தள்ளி இருப்பதுதான் காரணம். ஆனால் வித்தியாசம் சுமார் 60 கிலோ மீட்டர்தான். விமானத்துக்கு அது ஐந்து நிமிஷம்!

வேகம் எவ்வளவு?

இன்றைய ஜெட் விமானங்கள் 35 ஆயிரம் அடி உயரத்தில் மணிக்கு 850 கிலோ மீட்டர் வேகத்தை ஒட்டிப் பறக்கின்றன. அந்தக் கணக்கில் பார்த்தால் சிங்கப்பூருக்கு மூன்றரை மணி நேரம்தான் ஆக வேண்டும். பிறகு ஏன் டிக்கெட்டில் நாலே கால் மணி நேரம் என்று போடுகிறார்கள்?

காரணம் உண்டு. டிக்கெட்டில் போடுவது பறக்கும் நேரம் மட்டும் அல்ல. விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்ந்ததில் இருந்து, போய்ச் சேர்ந்த ஊரில் மறுபடி நிற்கும் வரை உள்ள நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முன்னால் நிற்கும் விமானங்களுக்குப் பின்னால் வரிசையில் காத்திருப்பது, இறங்கும் முன் வட்டம் அடிப்பது எல்லாம் இதில் சேர்த்தி.

மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் வேகமும் குறைவு. விமானம் பூசணிக்காய் நூலின் மேலேயே போவதும் இல்லை. வானத்திலும் ரோடு போல வகுத்த பாதைகள் உண்டு. அதில் வளைந்துதான் போகவேண்டும்.

சண்டை வந்தால் சில பாதைகளை அடைத்துவிடுவார்கள். 2019-ல் பாகிஸ்தான் தன் வான்வழியை மாதக் கணக்கில் மூடியபோது, டெல்லியில் இருந்து ஐரோப்பா போன விமானங்கள் சுற்றிக்கொண்டு போயின. 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியதும் பல நாட்டு விமானங்கள் ரஷ்யா மேல் பறக்க முடியாமல் போயிற்று. ஊர் அதே ஊர்தான். நேரம் மட்டும் கூடியது.

காற்றும் கணக்கில் சேரும்

துபாய் போகிறவர்களுக்கு இன்னொரு விஷயம் தெரிந்திருக்கும். போகும்போது கொஞ்சம் அதிக நேரம். வரும்போது கொஞ்சம் குறைவு.

உளுந்தூர்பேட்டை ரோட்டில் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இதன் காரணத்தைச் சொல்லித்தர வேண்டியது இல்லை. எதிர்க்காற்றில் மிதித்தால் முட்டி வலிக்கும். பின்காற்றில் சைக்கிள் தானே ஓடும்.

வானத்தில் மிக உயரத்தில் மேற்கில் இருந்து கிழக்கு நோக்கி வீசும் பலத்த காற்று உண்டு. துபாய் போகிற விமானத்துக்கு அது எதிர்க்காற்று. ஊருக்குத் திரும்புகிற விமானத்துக்கு அது பின்காற்று. ஆகவே போகும்போது சுமார் நாலே கால் மணி, வரும்போது சுமார் 4 மணி. குளிர் காலத்தில் இந்தக் காற்று பலமாக வீசும்போது வித்தியாசமும் கூடும்.

கடிகாரம் செய்யும் குழப்பம்

இதை எல்லாம்விட அதிகம் பேரை ஏமாற்றுவது, டிக்கெட்டில் இருக்கும் மணிதான்.

டிக்கெட்டில் புறப்படும் நேரம், புறப்படும் ஊரின் நேரம். சேரும் நேரம், சேரும் ஊரின் நேரம். இரண்டையும் அப்படியே கழித்தால் கணக்கு உதைக்கும்.

ஒருவர் சென்னையில் இரவு 11 மணிக்கு சிங்கப்பூர் விமானம் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். காலை 5.45-க்கு இறங்குவதாக டிக்கெட் சொல்லும். "ஆறே முக்கால் மணி நேரமா?" என்று வீட்டில் வாயைப் பிளப்பார்கள். ஆனால் சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அதைக் கழித்தால் நாலே கால்.

அதே ஆள் சிங்கப்பூரில் இரவு 8 மணிக்கு ஏறி ஊருக்குத் திரும்பினால், சென்னையில் இரவு 9.45-க்கு இறங்குவதாக இருக்கும். "ஒன்றே முக்கால் மணி நேரத்தில் வந்துட்டானா?" என்று தோன்றும். இதுவும் நாலே கால் மணி நேரம்தான்!

பழைய ஆட்கள் சிலர், "சிங்கப்பூருக்கும் நமக்கும் ரெண்டு மணி நேரம்தானே வித்தியாசம்" என்பார்கள். அவர்கள் சொல்வதும் ஒரு காலத்தில் சரிதான். 1981-ம் ஆண்டு முடியும் வரை 2 மணி நேர வித்தியாசம்தான் இருந்தது. 1982 பிறந்தபோது மலேசியாவும் சிங்கப்பூரும் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்தன. அதில் இருந்து இரண்டரை.

மற்ற ஊர்களின் கணக்கு இதோ:-

மலேசியா - சிங்கப்பூர் நேரமே.

துபாய், அபுதாபி, மஸ்கட் - நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால்.

சவுதி அரேபியா, குவைத், கத்தார், பக்ரைன் - இரண்டரை மணி நேரம் பின்னால்.

இலங்கை - நம் நேரமே.

லண்டன் - குளிர் காலத்தில் ஐந்தரை மணி நேரம் பின்னால், கோடையில் நாலரை.

நள்ளிரவு டிக்கெட்

விமானத்தைத் தவறவிட வைக்கும் இன்னொரு சங்கதி நள்ளிரவு டிக்கெட்.

டிக்கெட்டில் "15-ந் தேதி, 00.30" என்று இருந்தால் என்ன அர்த்தம்? 15-ந் தேதி ராத்திரி என்று நினைத்துக்கொண்டு, அன்று மத்தியானம் சாவகாசமாக ஊரில் இருந்து புறப்பட்டால் போச்சு. விமானம் முந்தின ராத்திரியே போய்விட்டிருக்கும்!

14-ந் தேதி ராத்திரி 12 மணி அடித்து அரை மணி ஆனதும் புறப்படும் விமானம் அது. வெளிநாட்டு விமானத்துக்கு 3 மணி நேரம் முன்னதாக வந்துவிட வேண்டும். அப்படியானால் 14-ந் தேதி இரவு 9.30-க்கு விமான நிலையத்தில் நிற்க வேண்டும். வெள்ளிமலைக்காரர் 14-ந் தேதி மத்தியானம் 2 மணிக்கே பஸ் ஏறிவிட வேண்டும்.

சேரும் நேரத்தின் பக்கத்தில் "+1" என்று பொடி எழுத்தில் போட்டிருந்தால், மறுநாள் போய்ச் சேரும் என்று பொருள். அழைத்து வர வேன் பேசுகிறவர்கள் அந்தப் பொடி எழுத்தைப் பார்த்துவிட்டுப் பேசுவது நல்லது.

தரை வழி

இப்போது தரைக்கு வருவோம்.

வெள்ளிமலையில் இருந்து மலைப்பாதையில் இறங்கி, கோமுகி அணைப் பக்கமாக கச்சிராயபாளையம் வந்து, கள்ளக்குறிச்சி சேரவேண்டும். தூரம் கொஞ்சம்தான். ஆனால் மலை வளைவுகளில் பஸ் 20, 30 கிலோ மீட்டர் வேகத்துக்கு மேல் போக முடியாது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும்.

பஸ் நிற்கும் இடத்துக்கு வர, உள்ளே தள்ளி இருக்கும் சிற்றூர்க்காரர்கள் நடக்க வேண்டும். மழை பெய்து ஓடையில் தண்ணீர் வந்தால் அதுவும் காத்திருப்புதான்.

கள்ளக்குறிச்சியில் இருந்து தியாகதுருகம், எலவனாசூர்கோட்டை, உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் வழியாக மீனம்பாக்கம் ஏறத்தாழ 240 கிலோ மீட்டர். பஸ்சில் 5 மணி நேரம். காரில் நாலரை. இது நல்ல நாள் கணக்கு.

பொங்கல், தீபாவளி என்றால் விக்கிரவாண்டியிலும் பரனூரிலும் சுங்கச்சாவடி வரிசை. செங்கல்பட்டில் இருந்து பெருங்களத்தூர் வரை வண்டி ஊர்ந்துதான் போகும். 35 ஆயிரம் அடி உயரத்தில் 5 நிமிஷத்தில் தாண்டும் தூரத்தை, கீழே 2 மணி நேரம் நகர்ந்து தாண்டியவர்கள் உண்டு.

அரசு பஸ்சில் போகிறவர்கள் 2023 டிசம்பர் கடைசியில் திறந்த கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் இறங்க வேண்டும். அங்கிருந்து மூட்டை முடிச்சோடு இன்னொரு வண்டி பிடித்தால்தான் மீனம்பாக்கம்.

திருச்சியா, சேலமா?

சென்னைதான் வழி என்று இல்லை. கள்ளக்குறிச்சியில் இருந்து திருச்சி விமான நிலையம் 150 கிலோ மீட்டர் அளவில் இருக்கிறது. காரில் மூன்று மணி, மூன்றரை மணி நேரம். அங்கிருந்தே சிங்கப்பூர், கோலாலம்பூர் விமானங்கள் உண்டு. விமானத்தில் 60 கிலோ மீட்டர் கூடினாலும், தரையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் மிச்சம்! டிக்கெட் விலையை மட்டும் பார்க்காமல் இதையும் சேர்த்துப் பார்க்கிறவர்கள் திருச்சிக்குப் போகிறார்கள்.

சேலத்தில் ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் விமான நிலையம் இருக்கிறது. வருவதும் நிற்பதுமாக இருந்த விமான சேவை, 2023 அக்டோபரில் மறுபடி தொடங்கியது. சேலத்தில் இருந்து சென்னைக்கு ஒரு மணி நேரம்தான்.

ஆனால் கள்ளக்குறிச்சிக்காரர் ஆத்தூர், சேலம் தாண்டி 110 கிலோ மீட்டருக்கு மேல் மேற்கே போய், விமானம் ஏறி, கிழக்கே சென்னைக்கு வரவேண்டும். ரோட்டில் 3 மணி, விமான நிலையத்தில் ஒன்றரை மணி, பறக்க ஒரு மணி. மொத்தம் ஐந்தரை. பஸ்சில் நேராகப் போனால் ஐந்து! தலையைச் சுற்றி மூக்கைத் தொட்ட கதைதான்.

உளுந்தூர்பேட்டை ஓடுபாதை

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குள்ளேயே ஒரு விமான ஓடுபாதை உண்டு என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

அது உளுந்தூர்பேட்டையில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெள்ளைக்காரர்கள் போட்டது. கள்ளக்குறிச்சியில் இருந்து சுமார் 40 கிலோ மீட்டர்தான். போர் முடிந்தது, விமானங்களும் போய்விட்டன. பயணிகள் விமானம் எதுவும் அதில் இறங்குவது இல்லை. சிறு ஊர்களுக்கு விமானம் விடும் உதான் திட்டம் வந்த பிறகு, இந்த ஓடுபாதையை எழுப்ப வேண்டும் என்ற பேச்சு அடிக்கடி எழுந்தது.

அது எழுந்தாலும் மலைக்காரரின் முதல் ஒன்றரை மணி நேரம் அப்படியேதான் இருக்கும். அதைக் குறைக்க ஓடுபாதை போதாது; ரோடு வேண்டும்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு கல்வராயன்மலை மக்களின் வாழ்க்கை நிலை பற்றி சென்னை ஐகோர்ட்டு தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. அந்த விசாரணையில் முக்கியமாக அடிபட்ட விஷயங்களில் ஒன்று, மலையில் ரோடு வசதி இல்லாதது.

கப்பல் காலம்

ஒரு காலத்தில் இதற்கெல்லாம் மணிக் கணக்கே கிடையாது. நாள் கணக்குதான்.

சென்னையில் இருந்தும் நாகப்பட்டினத்தில் இருந்தும் பினாங்கு, சிங்கப்பூருக்கு ரஜூலா கப்பல் ஓடியது. பிறகு எம்.வி. சிதம்பரம். கடலில் ஒரு வாரம் வரை ஆகும். 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்ததோடு சிதம்பரம் கப்பலின் ஓட்டம் முடிந்தது.

விமானமும் முதலில் ஆமை வேகம்தான். 1932 அக்டோபர் 15-ந் தேதி கராச்சியில் இருந்து ஜே.ஆர்.டி. டாட்டா தபால் மூட்டையோடு சின்ன விமானத்தில் பம்பாய் வந்தார். அங்கிருந்து அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட் அதைச் சென்னைக்கு ஓட்டி வந்தார். வழியில் பெல்லாரியில் ராத்தங்கல்! மறுநாள்தான் சென்னை.

கப்பல் காலத்தில் வெளிநாட்டில் இருக்கும் மகனுக்காக இங்கே சவத்தை வைத்துக் காத்திருக்கும் வழக்கம் கிடையாது. வர முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். தந்தி போகும். அவன் அங்கேயே தலை முழுகுவான். அத்தோடு சரி.

விமானம் வந்த பிறகுதான், வந்துவிடுவான் என்ற ஆசையும் வந்தது.

15 மணி நேரம்

அதனால்தான் இந்தக் கணக்கு முக்கியம் ஆகிறது.

மலையில் ஒரு வீட்டில் விடியற்காலை பெரியவர் கண்ணை மூடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மகன் சிங்கப்பூரில். போன் பறக்கிறது. கம்பெனியில் சொல்லி, பாஸ்போர்ட்டை எடுத்து, டிக்கெட் வாங்கி, அன்று இரவு 8 மணி விமானத்தைப் பிடிக்கிறான். நம் நேரத்துக்கு அது மாலை 5.30.

3 மணி நேரம் முன்னதாகவே, அதாவது நம் நேரப்படி பிற்பகல் 2.30-க்கே அவன் விமான நிலையத்தில் வந்து நிற்கிறான்.

இரவு 9.45-க்கு சென்னையில் இறங்குகிறான். பாஸ்போர்ட் பார்க்கும் வரிசை, பெட்டி எடுப்பது என்று ஒரு மணி நேரம் போகிறது. 10.45-க்கு வெளியே வந்து கார் ஏறுகிறான். நாலரை மணி நேரம். அதிகாலை 3.15-க்கு கள்ளக்குறிச்சி.

இனிமேல்தான் மலை. இருட்டில் பழக்கம் இல்லாத டிரைவர் ஏறத் தயங்குவார். ஏறினாலும் மெதுவாகத்தான். கோழி கூவும் 5 மணிக்கு வெள்ளிமலை. வீடு உள்ளே தள்ளி இருந்தால் அதற்கு மேல் ஆள் நடக்க வேண்டும்.

2.30-ல் இருந்து 5 மணி வரை கூட்டிப் பாருங்கள். பதினாலரை மணி நேரம். வீட்டு வாசலுக்குப் போவதற்குள் 15. இதில் விமானத்தில் உட்கார்ந்திருந்தது நாலே கால் மணி நேரம்தான்!

இங்கே சாவு வீட்டில் என்ன பேச்சு நடக்கும்? "பிளேன்லே நாலு மணி நேரம்தானே? இன்னும் ஏன் வரலே?" என்று ஒருவர் கேட்பார். "ராத்திரி பத்து மணிக்கே மெட்ராஸ்லே இறங்கிட்டானாம்" என்பார் இன்னொருவர். "எடுத்துடலாமா, வச்சிருக்கலாமா?" என்று பெரியவர்கள் கூடிக் கூடிப் பேசுவார்கள்.

ஐஸ் பெட்டி கீழே கள்ளக்குறிச்சியில் இருந்து வரவேண்டும். வந்தாலும் கரண்டு நிற்காமல் இருக்க வேண்டும். மகன் எத்தனை மணிக்கு வருவான் என்று சரியாகத் தெரிந்தால் அல்லவா அதற்கு ஏற்பாடு செய்ய முடியும்?

நாலு மணி நேரம் என்று நம்பி இருந்தவர்கள், நடுராத்திரியிலேயே நம்பிக்கை இழந்து போவார்கள். 15 மணி நேரம் என்று முதலிலேயே தெரிந்தவர்கள், விடியும் வரை பொறுப்பார்கள்.

குறித்துக்கொள்ளுங்கள்

வெளிநாட்டில் ஆள் இருக்கும் வீடுகளில் இதை எழுதி வைத்துக்கொள்வது நல்லது:-

டிக்கெட்டில் உள்ள இரண்டு நேரத்தையும் முதலில் இந்திய நேரத்துக்கு மாற்றுங்கள். சிங்கப்பூர் நேரம் என்றால் இரண்டரையைக் கழிக்கவும். துபாய் நேரம் என்றால் ஒன்றரையைக் கூட்டவும்.

முன்னால் 3 மணி நேரம், இறங்கிய பிறகு ஒரு மணி நேரம் சேர்க்கவும்.

கள்ளக்குறிச்சி வரை சென்னையில் இருந்து நாலரை மணி, திருச்சியில் இருந்து மூன்றரை மணி சேர்க்கவும். பண்டிகை நாளானால் இன்னும் 2 மணி நேரம்.

மலைக்கு 2 மணி நேரம். மழை நாளானால் அதற்கு மேல்.

அவசரத்துக்கு வருகிறவர் திருச்சி விமானம் உண்டா என்று முதலில் கேட்க வேண்டும். மலை ஏறத் தெரிந்த உள்ளூர் டிரைவர் ஒருவரைக் கள்ளக்குறிச்சியில் நிறுத்தி வைத்தால், வெளியூர் காரை அங்கேயே அனுப்பிவிட்டு வண்டி மாறிக்கொள்ளலாம்.

அவர் வானத்தில் இருக்கும் நேரத்தில் போன் கிடைக்காது. அதனால் சிங்கப்பூரில் விமானம் ஏறும் முன்பே, வீட்டு வாசலுக்கு எத்தனை மணிக்கு வருவார் என்று இந்தக் கணக்கைப் போட்டு, வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.